அறிவு தளரும் நோயாளி: குடும்பத்தின் அமானிதம்

 



மார்க்கச் சட்டங்கள் எவற்றைப் பாதுகாக்க வந்தன என்பதை விளக்கும்போது, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற அறிஞர்கள் மார்க்கம், உயிர், சந்ததி, பொருள் ஆகியவற்றோடு மனித அறிவையும் சேர்த்து எண்ணினார்கள். மது ஹராமாக்கப்பட்டதன் காரணத்தை இதை வைத்தே நாம் விளங்கியிருக்கிறோம். ஆனால், மதுவின் வாடையே படாத நம் வீடுகளிலும் அறிவு தளர்கிறது. நோய் அதைத் தளர்த்துகிறது. அதை நோய் என்றே நாம் அறியாமல் இருக்கிறோம்.

நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் செய்துகொள்ளும் சகோதர சகோதரிகள் இன்று ஏறத்தாழ ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். பலர் வாரத்தில் மூன்று நாள், ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் சொல்லும் புகார் எங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது. "வாப்பா முன்போல் இல்லை. மாத்திரையை மாற்றிப் போடுகிறார். கணக்கு வழக்கு ஓடவில்லை. சட்டென்று கோபப்படுகிறார். ஆனால் முப்பது வருடத்துக்கு முந்தைய நிலத்தின் விலையைத் துல்லியமாகச் சொல்கிறார். யாஸீன் ஸூராவில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. ஆகவே இது வீம்புதான்!"

அன்பர்களே! இந்த முடிவு தவறானது. நினைவு வேறு, ஒரு காரியத்தைத் திட்டமிட்டு வரிசையாகச் செய்து முடிக்கும் ஆற்றல் வேறு. நீரிழிவும் சிறுநீரக நோயும் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது பெரும்பாலும் முதலில் அடிபடுவது இரண்டாவது ஆற்றல்தான். பழைய நினைவு அப்படியே இருக்கும். காலை மருந்து எது, இரவு மருந்து எது என்பது குழம்பிவிடும். அவர் நடிக்கவில்லை.

அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில், 55 வயதும் அதற்கு மேலும் ஆன 374 டயாலிசிஸ் நோயாளிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. அவர்களில் அறிவாற்றல் இயல்பாக இருந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர்கூட இல்லை. கடுமையான குறைபாடு உடையவர்கள் நூற்றுக்கு 37 பேர். ஆனால், இந்தக் குறை மருத்துவக் குறிப்பேட்டில் பதிவாகியிருந்தவர்களோ நூற்றுக்கு மூவர் மட்டுமே! மருத்துவர்களின் கண்ணுக்கே தப்பிய ஒன்று நம் கண்ணுக்குத் தப்பியதில் வியப்பில்லை.

இது ஏன் நேர்கிறது? ஒரு காரணத்தை வீட்டிலேயே ஓரளவு தடுக்கலாம் என்பதால் சற்று விளக்குகிறேன். சர்க்கரை கூடினால் தாகம் எடுக்கும். உப்பு கூடினாலும் எடுக்கும். சிறுநீர் பிரியாத உடலில் குடித்த நீரெல்லாம் தேங்கும். அடுத்த டயாலிசிஸில் அத்தனை நீரையும் நான்கு மணி நேரத்தில் இயந்திரம் வேகமாக இழுக்கும்போது இரத்த அழுத்தம் சரிகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. வாரம் மூன்று முறை, வருடக்கணக்கில் இப்படி நடந்தால் மூளை தாங்குமா? டயாலிசிஸ் திரவத்தை உடல் சூட்டைவிட அரை டிகிரி குறைத்துச் செலுத்தியபோது மூளையின் பாதிப்பு தடுக்கப்பட்டதாக 2015-இல் ஓர் ஆய்வு கூறியது. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் உப்பையும் நீரையும் அளந்து கொடுப்பது நம் வீட்டுச் சமையலறையில் முடிவாகும் காரியம். நோன்புக் கஞ்சியில் உப்பும் உண்டு, நீரும் உண்டு. ஹாஜிகள் அன்போடு கொண்டுவரும் ஜம்ஜமையும் ஒரு மிடறு பரக்கத்துக்காகக் கொடுங்கள், போத்தலோடு கொடுத்துவிடாதீர்கள்.

மற்றொரு காரணம் உடனே உயிரைப் பறிக்கக்கூடியது. ஆரோக்கியமான சிறுநீரகம் இன்சுலினின் ஒரு பகுதியை அழித்துவிடும். அது பழுதானபின் போட்ட ஊசி நெடுநேரம் வேலை செய்யும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் தேங்கி நிற்கும். முன்பு சரியாக இருந்த அளவே இப்போது மிகுதியாகிச் சர்க்கரை தாழ்ந்துபோகும். அப்போது நோயாளி வியர்ப்பார், உளறுவார், முரட்டுத்தனம் காட்டுவார், அல்லது அயர்ந்து தூங்குவதுபோல் கிடப்பார். "களைத்துத் தூங்குகிறார், எழுப்பாதே" என்று போர்வையைப் போர்த்திவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள்! உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் குளுக்கோஸோ சர்க்கரையோ சிறிதளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். இளநீரும் ஆரஞ்சுச் சாறும் வேண்டாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கால் எரிச்சலுக்குத் தரப்படும் கபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுபவை. அளவு குறைக்கப்படாவிட்டால் குழப்பமும் மயக்கமும் வரும். நட்சத்திரப் பழம் இவர்களுக்கு நஞ்சு. விக்கலில் தொடங்கி வலிப்பில் முடியும். திடீரென்று புத்தி தடுமாறினால், "வயதாகிவிட்டது" என்றோ "ஏதோ காத்துக் கருப்பு" என்றோ எண்ணித் தாயத்தைத் தேடாமல், எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள்.

பெருமக்களே! இனி நான் சொல்வது சிலருக்குக் கசக்கும். அறிவு தளர்ந்த தந்தையின் சொத்து யாருடையது? அது அவருடையதுதான். ஆனால் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருப்பவரின் பெருவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் பதிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நோயாளியின் சிந்தனை மிகவும் மந்தமாக இருப்பது டயாலிசிஸ் நடக்கும் வேளையில்தான் என்றும், டயாலிசிஸுக்குச் சற்று முன்போ மறுநாளோ தெளிவு கூடுகிறது என்றும் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே முக்கியமான பேச்சு, மருந்து விளக்கம், எழுத்து எதுவாயினும் அந்தத் தெளிந்த வேளைக்கு ஒத்திவையுங்கள். அப்போது அவர் "வேண்டாம்" என்றால் அதுதான் அவர் தீர்ப்பு.

ஸூரத்துல் பகராவின் கடன் பற்றிய நீண்ட வசனத்தில், சொல்லி எழுதவைக்க இயலாத பலவீனருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்று அல்லாஹ் ஏவுகிறான். ஸூரத்துந் நிஸாவின் ஐந்தாம் வசனமோ, விவேகம் குறைந்தோர் கையில் பொருளை ஒப்படைக்க வேண்டாம் என்று தடுத்த கையோடு, அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் கொடுக்கவும், நல்ல வார்த்தை பேசவும் கட்டளையிடுகிறது. அந்தக் கடைசிக் கட்டளையைக் கவனியுங்கள். பொருளைப் பராமரிக்கும் உரிமையைத் தந்த இறைவன், அவரை அதட்டும் உரிமையை நமக்குத் தரவில்லை. ஒரு மகன் மட்டும் தனியாக நிர்வகிக்காமல், உடன்பிறந்தோர் அனைவரும், சகோதரிகளும்தான், அறியும்படி வரவு செலவை எழுதிவையுங்கள்.

இபாதத் விஷயத்தில் அவரை வதைக்காதீர்கள். நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை. அவர் ளுஹர் தொழுவார். அமர்ந்தோ, படுத்துச் சைகை செய்தோ தொழலாம். ரக்அத்தின் எண்ணிக்கை தடுமாறினால் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து அவரோடு ஜமாஅத்தாகத் தொழுதுவிடுங்கள். அவருக்கும் எளிது, உங்களுக்கும் நன்மை. குணமாகும் நம்பிக்கையில்லாத நோயாளி, நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். அறிவு முற்றிலும் நீங்கியவர் மீது பேனா உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழி. இடைப்பட்ட நிலையில் இருப்பவர் விஷயத்தை உங்கள் ஆலிமிடம் நேரில் சொல்லிக் கேளுங்கள். ஃபிக்ஹு நூலைப் புரட்டி நீங்களே தீர்ப்பளிக்காதீர்கள்.

மருந்துப் பெட்டியை இன்று அஸருக்குள் திறந்து பாருங்கள். காலை, பகல், இரவு என்று பிரித்து வைக்கும் வேலையையும், இன்சுலின் ஊசி போடும் வேலையையும் வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். அவரையே மருமகள் என்று முடிவு செய்துவிடாமல், பெற்ற பிள்ளைகள் முறை வைத்துச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! இயந்திரத்தின் அருகே படுத்திருக்கும் எங்கள் தாய் தந்தையருக்குப் பரிபூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்கள் நாவில் கலிமாவை நிலைக்கச் செய்வாயாக! ஆமீன்.