முதலில் வாங்கும் ஜைரோபிளேன்

யாழ்ப்பாணத்துச் சிறுவர்கள் பனையோலையை நறுக்கிக் காற்றாடி செய்து விளையாடுவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அந்தக் காற்றாடியைக் கையினாற் சுற்றுவார் எவருமில்லை. சிறுவன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான்; ஓட்டத்தினால் எழும் காற்று ஓலையிற் படுகிறது; ஓலை தானே சுழல்கிறது. இச்சிறு விளையாட்டுப் பொருளின் தத்துவத்தை மனத்திற் கொண்டால், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஜைரோபிளேன் என்னும் விமானத்தின் இரகசியத்திற் பாதியை அறிந்தவர்களாவீர்கள்.

தலைக்கு மேலே சுழலும் இறக்கைகளைக் கண்டு இதனை ஹெலிகொப்டர் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் இரண்டிற்கும் பெரும் பேதம் உண்டு. ஹெலிகொப்டரில் எஞ்சினே மேற்சுழலியைச் சுற்றுகின்றது. ஜைரோபிளேனிலோ, பறக்கும்போது எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றி விமானத்தை முன்னே தள்ளுவதோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது. மேற்சுழலி பின்புறமாகச் சற்றே சாய்ந்திருப்பதனால், காற்று கீழிருந்து மேலாக அதனூடே பாய்கின்றது. அப்பாய்ச்சலே அதனைச் சுழற்றுகின்றது. நடுவானில் எஞ்சின் நின்றுபோனாலும் சுழலி நிற்பதில்லை. விமானம் கீழே இறங்க இறங்க, எதிர்த்து வரும் காற்று அதனைச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். அசைவற்ற காற்றில் அந்தரத்தில் நிலைத்து நிற்பது மட்டும் இதனால் இயலாத காரியம்.

இதனை ஆக்கியவர் ஸ்பெயின் தேசத்து எஞ்சினியரான ஹுவான் டி லா சியர்வா. 1919ஆம் ஆண்டில் அவர் அமைத்த பெரிய விமானமொன்று, வேகங் குன்றியமையால் நிலைதவறி வீழ்ந்தது. வேகங் குறைந்தாலும் வீழாத விமானமொன்று வேண்டுமென அவர் உழைக்கலானார். 1923ஆம் ஆண்டு ஜனவரியில், மட்ரிட் நகருக்கு அண்மையிலுள்ள கெட்டாபே என்னுமிடத்தில், அவரது ஓட்டோஜைரோ வெற்றியுடன் பறந்தது. 1928இல் அவருடைய விமானம் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தது. பாதுகாப்பான பறப்பையே நாடிய அப்பெரியார், 1936 டிசம்பரில், இலண்டன் குரொய்டன் நிலையத்திலிருந்து மூடுபனியிற் புறப்பட்ட சாதாரணப் பயணிகள் விமானமொன்று வீழ்ந்தபோது அதில் உயிர் துறந்தார்.

அவருக்குப் பின், 1950ஆம் ஆண்டுகளில், ஈகோர் பென்சன் என்பவர் அமெரிக்காவில் ஒருவர் அமர்ந்து செல்லும் சிறிய ஜைரோபிளேனுக்கான வரைபடங்களையும் உதிரிப் பாகங்களையும் விற்பனைக்கு விட்டார். வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டலாம் என்னும் ஆசை பலரைப் பற்றிக்கொண்டது. கட்டியவர்களிற் பலர் தாமே பழகிக்கொள்ளவும் முற்பட்டனர். அவர்களுட் சிலர் அதற்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தனர். முதன்முதல் ஜைரோபிளேன் வாங்க நினைப்பவர் மறக்கலாகாத வரலாறு இது.

இங்கிலாந்தில் வாழும் இளைஞர் ஒருவர் ஜைரோபிளேன் வாங்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். கையிற் சிறிது சேமிப்பு உண்டு. பழைய ஒற்றை ஆசன விமானமொன்று மலிவான விலைக்கு வருவதாக விளம்பரம் காண்கிறார். இன்றே பணத்தைக் கட்டி நாளையே பறக்க வேண்டுமென அவர் மனம் துடிக்கிறது. அவருக்கு நாம் யாது கூறலாம்?

முதலிற் கூறவேண்டியது, வாங்குமுன் பழகுக என்பதே. ஆழமறியாமற் காலை விடலாகாது என்று நம் முன்னோர் சொல்லியது ஆற்றுக்கு மட்டுமன்று, ஆகாயத்துக்கும் பொருந்தும். பிரித்தானியாவில் இதற்கான அநுமதிப்பத்திரம் பெறப் புதியவர் ஒருவர் குறைந்தது 40 மணி நேரப் பறப்புப் பயிற்சி பெறல் வேண்டும். ஒற்றை ஆசன விமானத்தில் ஆசிரியருக்கு இடமில்லை. ஆகவே இரண்டு ஆசனமுள்ள பயிற்சி விமானத்தில், தக்க ஆசிரியருடன் பழகிய பின்னரே எதனை வாங்குவது என்னும் வினா எழவேண்டும். அவ்வாறு பழகும் காலத்தில், தமக்கு உண்மையாகவே எத்தகைய விமானம் வேண்டுமென்பதும் தெளிவாகிவிடும்.

சாதாரண விமானம் ஓட்டிப் பழகியவர்கூட இதிற் புதியவரே. அங்கே மூக்கு உயர்ந்து வேகங் குன்றினால், கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளுவது வழக்கம். ஜைரோபிளேனில் அவ்வாறு சட்டெனத் தள்ளுவது உயிருக்கே ஆபத்தாகலாம். சுழலியின் மீதுள்ள பாரம் நீங்கினால், அதனூடே பாயும் காற்று தடைப்படும், சுழற்சியும் தளரும். தளர்ந்த சுழற்சி உடனே மீளாது. ஆதலால் எஞ்சினின் விசையை அளவாகக் குறைத்து, சுழலியின் மீது எப்பொழுதும் பாரம் இருக்குமாறு ஓட்டவேண்டும். இது கை பழகவேண்டிய வித்தை. ஏட்டுச் சுரைக்காய் இங்கே கறிக்கு உதவாது.

இரண்டாவதாக, விமானத்தின் அமைப்பை நோக்கவேண்டும். பின்னாலிருந்து தள்ளும் விசிறியின் தள்ளுவிசை, விமானத்தின் பாரமையத்துக்கு மிக மேலாகச் செல்லுமாயின், சுழலி தளரும் கணத்தில் அவ்விசையே மூக்கைக் கீழே புரட்டிவிடும். பாரமையத்துக்கும் தள்ளுவிசைக்கும் உள்ள இத்தொடர்பு விமானத்தின் உறுதிக்கு மிக முக்கியமானதென்று, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து கண்டனர். எனவே, தள்ளுவிசை எவ்வழிச் செல்கிறது, வாலிற் போதிய அளவுள்ள கிடைச்சிறகு உண்டா என்னும் இரண்டையும் கேட்காமல் விலை பேசலாகாது. பழைய வடிவங்கள் சிலவற்றிற் கிடைச்சிறகு மிகச் சிறிதாக இருக்கும். சிலவற்றில் அறவே இராது. மலிவு விலையின் காரணம் சில வேளைகளில் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, பழைய விமானமாயின் அதன் சரித்திரம். பறப்புக் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படிக்கவேண்டும். இக்காலத்து ஜைரோபிளேன்களிற் பெரும்பாலானவை ஒஸ்திரியாவில் ஆக்கப்படும் ரோட்டக்ஸ் எஞ்சினைக் கொண்டவை. 100 குதிரைவலுவுள்ள அதன் 912 வகை எஞ்சின், பெரும் பழுதுபார்ப்புக்கு முன் 2,000 மணி நேரம் உழைக்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. 1,800 மணி நேரம் ஓடிய எஞ்சினை மலிவென்று வாங்குபவர், அடுத்த செலவையும் சேர்த்தே வாங்குகிறார்.

சுழலியின் இறக்கைகளை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். தரையில் ஓடும்போது, சுழலி போதிய வேகம் பெறுமுன் விமானத்தை விரைந்து செலுத்தினால், இறக்கைகள் கட்டுக்கடங்காது அடித்து, வாலையும் விசிறியையும் தாக்கக்கூடும். அத்தகைய விபத்து முன்னர் நிகழ்ந்ததா, நிகழ்ந்திருப்பின் எவை மாற்றப்பட்டன என்று விற்பவரை நேரே கேட்க வேண்டும். விற்பவர் நல்லவராக இருக்கலாம். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை அவரும் அறியமாட்டார். விற்பவருக்கு வேண்டியவரல்லாத, தகுதியுள்ள பரிசோதகர் ஒருவரிடம் காட்டி, அவர் சரியெனக் கூறிய பின்னரே பணம் கைமாறவேண்டும்.

நான்காவது, பாரக் கணக்கு. இரண்டு ஆசனம் உண்டென்பதால் எந்த இருவரும் பறக்கலாமென எண்ணுவது பிழை. அநுமதிக்கப்பட்ட மொத்தப் பாரத்திலிருந்து வெறும் விமானத்தின் பாரத்தைக் கழித்தால் எஞ்சுவதே ஆட்களுக்கும் எரிபொருளுக்கும் உரியது. மொத்தம் 450 கிலோகிராம், வெறும் விமானம் 260 கிலோகிராம் எனில், எஞ்சுவது 190. தலா 85 கிலோகிராம் உள்ள இருவர் ஏறினால் எரிபொருளுக்கு மிஞ்சுவது 20 கிலோகிராமே. மணிக்குப் பதினைந்து முதல் இருபது லீற்றர் வரை பெற்றோல் அருந்தும் எஞ்சினுக்கு அது எத்தனை நாழிகைக்குப் போதும்?

ஜேர்மனியின் ஓட்டோஜைரோ, இத்தாலியின் மக்னி, ஸ்பெயினின் ஈ.எல்.ஏ. ஆகிய நிறுவனங்கள் இன்று இரண்டு ஆசன விமானங்களை ஆக்குகின்றன. திறந்தவை, கண்ணாடிக் கூண்டுள்ளவை என இருவகையும் உண்டு. எதுவாயினும், தாம் பழகிய வகையையே, தமது ஆசிரியருக்கும் பராமரிப்பாளருக்கும் அறிமுகமானதையே முதலில் வாங்குவது புதியவருக்கு நன்மை பயக்கும். நிறுத்துமிட வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை ஆகிய செலவுகளையும் முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். தனியொருவரால் இயலாதாயின், நம்பிக்கையான நண்பர் இருவர் மூவர் கூடிப் பங்காக வாங்கலாம்.

நமது இளைஞர் இவற்றைக் கேட்டுச் சோர்வடையலாம். அந்த மலிவான விமானம் வேறொருவர் கைக்குப் போய்விடுமே என்று வருந்தலாம். போகட்டும். ஓராண்டு கழித்து, 40 மணி நேரம் ஆசிரியரிடம் பழகிய கையோடும் கண்ணோடும் அவர் விமானம் பார்க்கச் செல்லும்போது, விளம்பரத்திற் காணாத பலவற்றை அவரே கண்டுகொள்வார். விமானங்கள் இன்னும் பல விற்பனைக்கு வரும். வீட்டில் அவர் வருகைக்காகக் காத்திருப்போருக்கோ அவர் ஒருவரே.