ஒத்துவராத எண்ணிக்கை



உயர்தரத்தில் உயிரியல் படித்த நாம் 9:3:3:1 என்ற விகிதத்தை மறந்திருக்க மாட்டோம். மெண்டல் எண்ணிய 556 பட்டாணி விதைகளில் உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. விகிதப்படி வரவேண்டியவை முறையே 312.75, 104.25, 104.25, 34.75.

இந்த வேறுபாடு தற்செயலானதா? கார்ல் பியர்சன் 1900 இல் தந்த கைவர்க்கச் சோதனை இதற்கு உதவுகிறது. ஒவ்வொரு வகையிலும் எண்ணியதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கித்து, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கையும் கூட்டுகிறோம். வருவது 0.47. நான்கு வகைகள் இருப்பதால் சுயாதீனப் படிகள் மூன்று. 5 சதவீத மட்டத்தில் எல்லை 7.815. ஆகவே எதிர்வுகூறலை நிராகரிக்கக் காரணமில்லை. அது நிரூபிக்கப்பட்டது என்றும் நாம் சொல்வதில்லை.

இனி, ஒத்துவராத ஒரு கணக்கு. 1905 இல் பேற்சன், எடித் சாண்டர்ஸ், புன்னற் ஆகிய மூவரும் சுவீட் பீ என்னும் பூஞ்செடி பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். ஊதாப்பூவும் நீள மகரந்தமும் 284. ஊதாவும் வட்டமும் 21. சிவப்பும் நீளமும் 21. சிவப்பும் வட்டமும் 55. அதே 9:3:3:1 ஐ வைத்து நாம் கணித்தால் ஏறக்குறைய 135 வருகிறது. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

அவர்கள் அந்த எண்களை மறைக்கவில்லை. இரண்டு இயல்புகள் சேர்ந்தே கடத்தப்படுகின்றன என்று பதிந்தார்கள். ஒரே நிறமூர்த்தத்தில் இருக்கும் பரம்பரையலகுகள் சேர்ந்து செல்கின்றன என்ற விளக்கம் பின்னர் மோர்கனின் பழ ஈ ஆய்வுகளிலிருந்து வந்தது.

சாண்டர்ஸ் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியைச் சேர்ந்தவர். பெண்களுக்கென அமைந்த ஆய்வுகூடத்தை நடத்தியவர். அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப்பட்டம் வழங்க முன்வந்தது 1948 இல். அவரோ 1945 இலேயே காலமாகிவிட்டார்.

சோதனைக் குறிப்பேட்டில் விடை பொருந்தாதபோது எண்ணைத் திருத்தி எழுதும் ஆசை எந்த மாணவிக்கும் வரும். எண்ணியதை எண்ணியபடியே எழுது, பிறகு ஏனென்று கேள் என்பதே நம் மகள்மாருக்கும் பேத்திமாருக்கும் நாம் சொல்லவேண்டியது. நூறு ஆண்டு கண்ட நம் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் அந்தப் பழக்கம் நிலைத்திருக்க நாம் துணைநிற்போம்.