பள்ளத்தை இன்னொரு கடனால் நிரப்பாதீர்கள்

தலைப்பு: வங்கிக் கடன் இறுகும் காலத்தில் வீடு, மனையில் பணம் போடுகிறவருக்குக் கைகொடுப்பது துணிவே! நிதானமே!

('நிதானமே' என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு எப்போது மணி அடிக்கும் என்று ஆவலோடு காத்திருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கத்திலும், வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? "வங்கி முன்வாசலைச் சாத்தினா, கொல்லைப்புறமா நுழையணும், துணிஞ்சவனுக்குத்தான் நிலம்"னு சொன்னாங்க. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா அம்மா, கொல்லைப்புறமா நுழையறவங்களுக்கு எங்க ஊரில் வேற பேர் வச்சிருக்காங்க! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நிதானம் என்றால் திண்ணையில் சாய்ந்துகொண்டு "காலம் வரட்டும்" என்று கொட்டாவி விடுவதில்லை. வண்டி ஓட்டுகிறவன் மழை வந்தால் வேகத்தைக் குறைக்கிறான். ஊருக்குப் போகாமல் இருக்கிறானா? போகிறான். பத்திரமாகப் போகிறான். அதுதான் எங்கள் அணி சொல்கிற நிதானம்.

வங்கி ஏன் கையை இறுக்குகிறது? ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கிற பணத்துக்கு வாங்குகிற வட்டிக்கு ரெப்போ என்று பெயர். 2022 மே மாதம் அது 4 சதவீதத்திலிருந்து ஏற ஆரம்பித்தது. 2023 பிப்ரவரியில் 6.50-க்கு வந்து நின்றது. ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவீதம்! பிறகு 2025 பிப்ரவரியில் இறங்க ஆரம்பித்து, ஜூன் மாதம் 5.50-க்கு வந்தது. ஏறுவதும் இறங்குவதும் அதன் குணம். ஆனால் நாம் வாங்குகிற வீட்டுக் கடன் இருபது வருடம். இருபது வருடத்தில் இந்த ஏற்றத்தை எத்தனை முறை பார்க்கப் போகிறோமோ!

"இரண்டரை சதவீதம்தானே, என்ன பெரிசு?" என்று எதிரணி ஐயா சிரிக்கிறார். ஐயா, கொஞ்சம் பேனாவை எடுங்க. 30 லட்சம் ரூபாய் கடன். இருபது வருடம். வட்டி 7 சதவீதம். மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். அதே கடனுக்கு வட்டி ஒன்பதரை ஆனால்? சுமார் 27,960. மாதம் 4,700 ரூபாய் கூடுதல். ஒரு வீட்டின் பால் கணக்கு, மளிகைக் கணக்கு அதற்குள் இருக்கிறது.

இன்னும் கேளுங்க. கடன் வாங்கின சூட்டோட அந்த இரண்டரையும் ஏறிவிட்டது, தவணையை மட்டும் ஏத்தலைன்னு வைங்க. 30 லட்சத்துக்கு ஒன்பதரை வட்டி என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 23,750. நீங்க கட்டுவது 23,260. அசல் குறையவே இல்லை. வட்டியிலேயே பாக்கி! மாசா மாசம் ஒழுங்காகக் கட்டுகிற மனிதனுக்குக் கடன் வளர்கிறது. அதனால்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது: வட்டி மாறும்போது, தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன் வாங்கினவரையே கேட்க வேண்டும். கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "காலத்தை நீட்டுங்க சார், தவணையைத் தொடாதீங்க." அறுபது வயசில் ஓய்வு பெறலாம் என்று நினைத்தவர் எழுபது வயசுவரை கட்ட வேண்டியதுதான். பேரன் கல்யாணத்துக்குத் தாத்தா தவணைச் சீட்டோடு வருவார்! (சிரிப்பு)

சரி, வங்கி நம்மிடம் என்னதான் கேட்கிறது? நம்ம ஊரில் பொண்ணு கொடுக்கிறவங்க, "மாப்பிள்ளை கைநிறையச் சம்பாதிக்கிறார்" என்றால் நம்பிவிடுவார்கள். வங்கி மேலாளர் நம்புவாரா? சம்பளச் சீட்டு எங்கே என்பார். வருமான வரிக் கணக்கு எங்கே என்பார். பிறகு ஜாதகம் பார்ப்பார். அந்த ஜாதகத்துக்குப் பேர் சிபில்! 300-லிருந்து 900 வரை மதிப்பெண். எப்போதோ கடன் அட்டைத் தவணையை மறந்தது, மச்சானுக்கு ஜாமீன் போட்டது, எல்லாக் கிரகமும் அதில் உட்கார்ந்திருக்கும்! (சிரிப்பு, கைதட்டல்)

இதைக் கெடுபிடி என்று எதிரணி சொல்கிறது. நான் சொல்கிறேன், வங்கி கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் நாம் நம்மையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "உன் வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போனால் எப்படிச் சாப்பிடுவாய்?" வீட்டில் அம்மா கேட்டால் கோபம் வருகிறது. வங்கி கேட்டால் அவமானமாக இருக்கிறது. கந்துவட்டிக்காரர் இதைக் கேட்பதே இல்லை. அதனால் அவர் நல்லவராகத் தெரிகிறார்!

நடுவர் அவர்களே, வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். 50 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய தனி வீடு. வாங்கி வாடகைக்கு விடலாம் என்று ஒருவர் ஆசைப்படுகிறார். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரைக்கும் உள்ள கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேலே 75 சதவீதம். இவருக்கு அதிகபட்சம் 40 லட்சம். "கையில் 10 லட்சம் இருந்தால் போதும்" என்று கிளம்பிவிட்டார்.

போதுமா? பத்திரம் பதிய வேண்டாமா? தமிழ்நாட்டில் 2023 மார்ச் கடைசியிலிருந்து முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு எழுதினால் 4.50 லட்சம். வங்கி மதிப்புப் போடும்போது இந்தச் செலவைச் சேர்க்காது. ஆக, கையில் வேண்டியது 14.50 லட்சம். வெள்ளை அடிக்கிற செலவும், தரகரின் காபிச் செலவும் தனி! வங்கி இறுக்கிப் பிடித்து 40-க்குப் பதில் 35 லட்சம்தான் தருவேன் என்றால், பள்ளம் இன்னும் 5 லட்சம் ஆழமாகிறது.

இந்தப் பள்ளத்தை எதனால் நிரப்புவது? இதுதான் இன்றைய தலைப்பே! எதிரணியின் துணிவு சொல்கிறது: "அஞ்சு லட்சம்தானே? வெளியே புரட்டு." வெளியே என்ன வட்டி? மூணு வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 5 லட்சத்துக்கு மாதம் 15,000. வருடத்துக்கு 1.80 லட்சம். மூன்று வருடத்தில் 5.40 லட்சம். வாங்கிய அசலைவிட வட்டி அதிகம் கட்டியாகிவிட்டது. அசல் அப்படியே புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது! (சிரிப்பு) அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. ஆனால் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன், சட்டப் புத்தகத்தை எங்கே தேடுவான்?

இந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு வரும்? மாதம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1.44 லட்சம். 50 லட்சத்துக்கு அது மூன்று சதவீதம்கூட இல்லை. கடன் வட்டி எட்டு, ஒன்பது. வெளிவட்டி முப்பத்தாறு. மூன்று சதவீதம் கறக்கிற மாட்டுக்கு முப்பத்தாறு சதவீதத்துக்குப் புண்ணாக்கு வாங்கிப் போடுவது துணிவா? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள்! (பலத்த கைதட்டல்)

"இடத்தின் விலை ஏறுமே ஐயா!" இது எதிரணியின் பிரம்மாஸ்திரம். ஏறும். நான் மறுக்கவில்லை. ஊருக்கு வெளியே முள்ளுக்காடாகக் கிடந்த இடமெல்லாம் இன்று என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த விலை யாருக்குக் கிடைத்தது? வாங்கினவனுக்கா? கடைசிவரை கையில் வைத்திருந்தவனுக்கு! இடையில் தவணை கட்ட முடியாமல் அவசரத்துக்கு விற்றவன், அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இது நம்ம இடமா இருந்தது" என்று பிள்ளைக்குக் காட்டுகிறான். அந்த வேதனை பட்டவனுக்குத்தான் தெரியும்.

தவணை தவறினால் என்ன ஆகும்? 90 நாள் பாக்கி நின்றால் அது வாராக் கடன். 2002-ல் வந்த சர்பாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அதற்குள் கட்டவில்லை என்றால், வழக்குத் தொடராமலேயே சொத்தைக் கைப்பற்றி ஏலம் விட வழி இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் ஐந்து மாதம். பத்து வருடம் சேர்த்த பணம், ஐந்து மாதத்தில் ஆட்டம் காண்கிறது.

வங்கி தாராளமாகக் கொடுத்தால் மட்டும் நல்லதா? டெல்லியைச் சுற்றி நொய்டா, குருகிராம் பகுதிகளில் ஒரு திட்டம் வந்தது. "கொஞ்சம் முன்பணம் கொடு, மீதிக்கு வங்கிக் கடன், வீடு முடியும்வரை வட்டியைக் கட்டுமானக் கம்பெனியே கட்டும்." எவ்வளவு இனிப்பு! கட்டடம் எழும்புகிற கட்டத்தைப் பார்த்துத்தான் பணம் விடுவிக்க வேண்டும் என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சொன்னது. அதையும் மீறிப் பணம் போயிற்று. கம்பெனிகள் வட்டியை நிறுத்தின. வீடும் முடியவில்லை. கடன் யார் பெயரில்? வாங்கினவர் பெயரில்! குடியிருக்கிற வீட்டுக்கு வாடகை, இல்லாத வீட்டுக்குத் தவணை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதில் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தக் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள்; வங்கி அன்றைக்குக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கக் கூடாதா என்பார்கள்.

நம்ம ஊருக்கு வாங்க. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அன்றைக்குத் திண்டாடியவர்களில் பலர், வங்கிக் கடன் கிடைக்காத மனையைத் துணிந்து ரொக்கத்துக்கு வாங்கியவர்கள். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கம், அங்கீகாரம் எல்லாம் பார்த்துவிட்டு வங்கி "முடியாது" என்றால், உடனே அடுத்த வங்கிக்கு ஓடாதீர்கள். "ஏன் முடியாது?" என்று கேளுங்கள். அதைவிட மலிவான சட்ட ஆலோசனை கிடையாது.

மணி அடிக்கப் போகிறார்கள் என்று தெரிகிறது. என்ன செய்யலாம் என்று சொல்லாமல் போனால் வீட்டில் என்னைத் திட்டுவார்கள்.

பள்ளத்தைக் காலத்தால் நிரப்புங்கள். 50 லட்சம் எட்டவில்லை என்றால் 30 லட்சத்தில் பாருங்கள். அல்லது இரண்டு வருடம் சேமித்து வாருங்கள். அந்த இரண்டு வருடத்தில் கடன் அட்டை, தனிநபர் கடன் போன்ற சில்லறைக் கடன்களை அடையுங்கள். சில்லறைத் தவணை குறைந்தால் வங்கி தரும் தொகை கூடும். சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவே வாங்கிப் பார்க்கலாம். தப்பு இருந்தால் கடன் கேட்கப் போகும் முன்னாலேயே திருத்துங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், "வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும்" என்று கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். ரெரா சட்டத்தின்கீழ் வருகிற திட்டம் என்றால், ஒப்பந்தம் பதிவு ஆகாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. ஆறு மாதத் தவணையைத் தனியாக வங்கியில் போட்டுவிட்டு, அப்புறம் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். வேலை போனாலும், வாடகைக்காரர் காலி செய்தாலும் அது உங்களைத் தாங்கும்.

ஏற்கெனவே கடனோடு இரண்டு மனை வைத்திருக்கிறீர்களா? இரண்டையும் இழுத்துக்கொண்டு மூச்சு வாங்காதீர்கள். ஒன்றை நல்ல விலைக்கு, அவசரம் வருவதற்கு முன்னாலேயே விற்று, மற்றதை மீட்டுக்கொள்ளுங்கள். வட்டி குறையும்போது தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அதே தவணையைக் கட்டினால் கடன் சீக்கிரம் முடியும். தனிநபர் பெயரில் உள்ள, மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டினால் வங்கி அபராதம் போடக் கூடாது என்று 2012-லேயே உத்தரவு இருக்கிறது. போனஸ் வந்தால் அசலில் ஒரு பிடி போடுங்கள்.

கடைசியாக ஒன்று. எதிரணி அம்மா துணிவைப் பற்றி அழகாகப் பேசினாங்க. துணிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரகர் காரைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "இன்னிக்கு விட்டா நாளைக்கு இல்லை சார்" என்று அவசரப்படுத்தும்போது, உள்ளே இருந்து வீட்டுக்கார அம்மா, "என்னங்க, மாசம் எவ்வளவு கட்டணும்? ரெண்டு மாசம் சம்பளம் வரலைன்னா என்ன பண்றது?" என்று கேட்கிறாரே, அந்தக் கேள்வியை எல்லார் முன்னாலும் கேட்பதற்குத்தான் உண்மையான துணிவு வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை காரில் ஏறாமல் நிற்பது இருக்கிறதே, அதற்குப் பெயர்தான் நிதானம். (கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே! கடன் இறுகும் காலத்தில் நம் குடும்பத்தைக் காப்பாற்றுவதும், வாங்கிய மண்ணைக் கையில் நிறுத்துவதும் நிதானமே, நிதானமே என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி உங்களைப் பணிவோடு கேட்டு அமர்கிறேன்.