விளக்குக் கம்பத்தில் வீரன் படம்

(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் அமெரிக்கா தேசத்து விளக்குக் கம்பங்களைப் பற்றியதாகும். நம்மூர்க் கம்பத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கவே ஆளில்லாதபோது அமெரிக்காக் கம்பத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் செத்தவனுக்கு ஒரு ஊர் எப்படி மரியாதை செய்கிறது என்று பார்த்தால், உயிரோடிருக்கிறவனை அந்த ஊர் எப்படி மதிக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆகையால்தான் இதைப் பேசுகிறோம்.

அந்நாட்டில் பென்சில்வேனியா, நியூயார்க், கலிபோர்னியா முதலிய மாகாணங்களில் சின்னஞ்சிறு ஊர்கள் கூட ஒரு ஏற்பாட்டை நடத்தி வருகின்றன. தம் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவனுடைய படத்தைப் பெரிய துணியில் அச்சடித்து, அவன் பெயரையும், எந்தப் படையில் எந்த யுத்தத்தில் இருந்தான் என்பதையும் எழுதி, கடைத்தெருக் கம்பங்களில் தொங்க விடுகிறார்கள். சில ஊர்களில் இது உயிரோடிருக்கும் பட்டாளத்தாருக்கும் உண்டு. சில ஊர்களில் யுத்தத்தில் மாண்டவர்களுக்கு மட்டுமே. பல இடங்களில் மே மாதக் கடைசித் திங்கட்கிழமையான நினைவு நாளையொட்டிக் கட்டி, நவம்பர் 11ஆம் தேதிக்குப் பின் அவிழ்க்கிறார்கள். அந்த நினைவு நாளானது உள்நாட்டு யுத்தத்தில் மாண்டவர்களின் கல்லறைகளுக்கு 1868இல் தேசமெங்கும் பூ வைத்ததிலிருந்து வளர்ந்ததாகும்.

இந்த ஏற்பாட்டில் நாம் மெச்சத்தக்கது ஒன்று உண்டு. நம் முன்னோர்களும் சண்டையில் விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள், பெயரும் பொறித்தார்கள். அதுவரை சரிதான். ஆனால் பிறகு என்ன ஆயிற்று? கல்லுக்குப் படையல் வந்தது, பலி வந்தது, கல் சாமியாயிற்று. எத்தனையோ ஊர்களில் சாமி மிஞ்சிற்று, மனிதன் மறைந்தான். அவன் யார், எதற்காகச் செத்தான் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அந்தத் துணிப் படத்திலோ மனிதன் மனிதனாகவே இருக்கிறான். இவன் நம்மோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இந்தக் கடையில் சாமான் வாங்கியவன் என்று தெருவில் போகிறவன் நினைக்கிறான். செத்தவனுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவனுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. பிரயோஜனமெல்லாம் பார்க்கிற நமக்குத்தான். ஆதலால் பார்க்கிறவன் என்ன கற்றுக் கொள்கிறான் என்பதே கேள்வி.

முதலாவது, பணம். பல ஊர்களில் இந்தப் படத்துக்குக் குடும்பத்தாரோ, வேறு யாராவது உபயகாரரோ பணம் கட்ட வேண்டியிருக்கிறது. நூறு டாலருக்கு மேலேயே ஆகிறது. உபயகாரர் பெயரும் படத்தின் அடியில் ஏறுகிறது. சில ஊர்களில் மாண்டவர் குடும்பத்தினிடம் பணம் வாங்குவதில்லை, அவ்வூர்களைப் பாராட்டுகிறோம். மற்ற ஊர்களைக் கேட்கிறோம்: மகனைக் கொடுத்த தாயினிடம் படத்துக்கும் காசு கேட்பது நியாயமா? பணமுள்ள வீட்டுப் பிள்ளை கம்பத்தில் இருப்பான். கூலிக்காரி பிள்ளை அவள் வீட்டுச் சுவரில் இருப்பான். குண்டு பாயும்போது பணக்காரன், ஏழை என்று பார்த்தா பாய்ந்தது?

இரண்டாவது, நிறம். தென் கரோலினாவில் கிரீன்வுட் என்ற ஊரில் இரண்டு உலக யுத்தங்களிலும் மாண்டவர்களின் பெயர்களை வெள்ளையர் என்று ஒரு பட்டியலாகவும், கறுப்பர் என்று ஒரு பட்டியலாகவும் பொறித்து வைத்தார்கள். மாற்ற வேண்டுமென்று அவ்வூர் மேயரே முயன்றபோது மாகாணச் சட்டம் குறுக்கே நின்றது. டெக்ஸாஸில் பீலிக்ஸ் லாங்கோரியா என்ற மெக்சிகோ வமிசத்துச் சிப்பாய் 1945இல் பிலிப்பைன்ஸில் மாண்டான். 1949இல் அவன் உடல் ஊருக்குத் திரும்புகையில், பிரேதத்தை வைக்க அவ்வூர்ச் சவ அடக்க மண்டபத்தில் இடம் மறுத்தார்கள். வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்காது என்பது காரணம்! பிறகு செனட்டர் லிண்டன் ஜான்சன் தலையிட்டு, ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்வித்தார். செத்த பிறகும் மனிதனை விடாத இழிவு எவ்வளவு கொடியது பாருங்கள்!

மூன்றாவது, மதம். கலிபோர்னியாவில் லேக் எல்சினோர் என்ற ஊரில் 2012இல் நகர சபையார், சிலுவையின் முன் சிப்பாய் மண்டியிடும் சின்னத்தை ஊர்ப் பணத்தில் வைக்கத் தீர்மானித்தார்கள். வழக்கு நடந்து 2014இல் நீதிபதி அது கூடாதென்றார். ஊர்ப் பணம் எல்லோர் பணம். எந்த மதமும் வேண்டாதவனும் அந்தப் பட்டாளத்தில் இருக்கிறான். சர்க்கார் கொடுக்கும் கல்லறைக் கல்லில் நாஸ்திகனுக்கென்றே ஒரு சின்னம் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது.

இந்த மூன்று பேதமும் இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். வாஷிங்டனில் 1982இல் எழுப்பிய வியட்நாம் யுத்த நினைவுச் சுவரில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அதிகாரி, சிப்பாய் என்ற பதவி கிடையாது. வீழ்ந்த நாளே வரிசை. அங்கே முடிந்தது ஒரு விளக்குக் கம்பத்தில் ஏன் முடியாது?

இவற்றையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. யுத்த களத்தில் மாண்டவனுக்கு மட்டும் கம்பம் என்றால், திரும்பி வந்து, தூக்கம் கெட்டு, வேலையில்லாமல், கடைசியில் தன்னைத் தானே மாய்த்துக் கொண்டவனுக்கு எது? 2022ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் பழைய பட்டாளத்தார் 6,400 பேருக்கு மேல் தற்கொலை செய்து கொண்டார்கள். 2001 முதல் 2021 வரை ஆப்கானிஸ்தானத்தில் மாண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 2,460 பேர்தான். இருபது வருஷச் சண்டை கொன்றதைப் போல் இரண்டு பங்குக்கு மேல் ஒரே வருஷத்தில் போயிருக்கிறார்கள். தற்கொலை செய்து கொண்டவர்களில் எல்லா யுத்தங்களையும் கண்டவர்களும், சண்டையே காணாதவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் யுத்தமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு பேர் சாகிற தெருவில் படம் மட்டும் ஆடிக் கொண்டிருந்தால் போதுமா?

“மாண்டவர் விஷயத்தில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்லவா?” என்பார்கள் சிலர். இல்லை என்கிறோம். கேட்காமல் கும்பிட்டுவிட்டுப் போவதுதான் மரியாதைக் குறைவு. இவனை எதற்காக அனுப்பினோம், போனது அவசியந்தானா, இவன் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்க வைக்காத படம், கம்பத்துக்கு அலங்காரமேயொழிய மனிதனுக்கு மரியாதையாகாது.

ஆகவே ஒரு முனிசிபாலிடி இதைச் செய்வதானால், செலவை ஊரே ஏற்கட்டும். பதவி, நிறம், மதம் பாராமல் எல்லோரையும் ஒரே அளவில் வைக்கட்டும். திரும்பி வந்து மாய்ந்தவனையும் சேர்க்கட்டும். உயிரோடு திரும்பினவனுக்கு வைத்தியமும் வேலையும் கிடைக்கிறதா என்று வருஷந்தோறும் கணக்குச் சொல்லட்டும். துணி வெயிலிலும் மழையிலும் வெளுத்துப் போகும். அந்தக் கணக்கு ஒழுங்காக இருந்தால் துணி வெளுத்தாலும் பாதகமில்லை.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள்; இல்லையேல் தள்ளிவிடுங்கள் என்று கூறி முடித்துக் கொள்கிறோம்.