வந்தவரும் இருந்தவரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

மாற்றல் உத்தரவைக் கையில் கொண்டு, மொழி தெரியாத ஊரில் பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கியவர்கள் நாம். அரிசிக் கடைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் நமக்கு வழி காட்டியவர்கள் இவ்வூர் மக்களே. ஆதலால், அயல் மண்ணில் போய் இறங்கிய வேறு சிலரின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நமக்குத் தகும்.

1620-ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்திலிருந்து 'மேஃபிளவர்' கப்பலில் சென்ற ஏறக்குறைய நூறு பேர், வட அமெரிக்காவில் பிளிமத் என்னுமிடத்தில் குடியேறினர். குளிரும் நோயும் வாட்ட, வசந்தம் வருமுன் பாதிப்பேர் மாண்டனர். அவ்விடம் முன்னர்ப் பட்டுக்ஸெட் என்னும் ஊராக இருந்தது. அவ்வூரார் கொள்ளைநோயால் அழிந்திருந்தனர். அவ்வூரில் பிறந்த டிஸ்குவாண்டம் என்பவரை 1614-இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் கடத்திச் சென்றிருந்தான். அவர் 1619-இல் திரும்பியபோது வரவேற்க உறவினர் எவரும் இல்லை. அத்தகையவரே, மீனை உரமாக இட்டு மக்காச்சோளம் விதைக்கும் முறையை ஆங்கிலேயருக்குக் கற்பித்தார்.

1621-இல் வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாஸசோயிட் அவர்களுடன் உடன்படிக்கை செய்தார். அவ்வாண்டு அறுவடை விருந்திற்குத் தம்மவர் தொண்ணூறு பேருடன் வந்து, ஐந்து மான்களை வேட்டையாடி அளித்தார். 1623-இல் அவர் நோயுற்றபோது வின்ஸ்லோ என்னும் ஆங்கிலேயர் தேடிச் சென்று உணவூட்டிக் காத்தார். இஃதன்றோ அண்டை அயலார் உறவு!

ஆனால் வந்தவர் தொகை பெருகிற்று. அவர்கள் அவிழ்த்துவிட்ட மாடுகளும் பன்றிகளும் வேலியற்ற சோளக் கொல்லைகளைப் பாழாக்கின. நிலம் சிறிது சிறிதாகக் கைமாறியது. வழக்கென்றாலோ வந்தவரின் சட்டமே செல்லுபடியாயிற்று. 1675-இல் போர் மூண்டது. மறு ஆண்டு மாஸசோயிட்டின் மகன் மெட்டாகாம் கொல்லப்பட்டார். தந்தை விருந்துண்ட அதே பிளிமத்தில் மகனின் தலை கம்பத்தில் பல்லாண்டுகள் வைக்கப்பட்டிருந்தது.

வாம்பனோவாக் மக்கள் இன்றும் அப்பகுதியில் வாழ்கின்றனர். அமெரிக்கர் நன்றி கூறும் திருநாளாகக் கொண்டாடும் நாளில், 1970 முதல் பூர்வகுடி மக்கள் பிளிமத்தில் கூடித் துக்கநாள் அனுசரிக்கின்றனர்.

நாம் நிலம் பறிக்க வந்தவர்களல்லோம்; பிழைக்க வந்தவர்கள். எனினும், பெற்ற உதவியை மறப்பது சிறு செயல்களில்தான் தொடங்குகிறது. இவ்வூர் மொழியைக் கற்போம். அண்டை வீட்டாரின் நன்மை தீமைகளில் பங்கு கொள்வோம். நம் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லி வைப்போம்.