நாட்குறிப்பும் நேர்முகத் தேர்வும்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்து மேற்கே செல்வோர் வேலப்பன்சாவடியை அறிவர். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். இன்று அந்த இளைப்பாறுதல் பெயரளவில்தான் உண்டு. காலை ஏழு மணிக்கே கல்லூரிப் பேருந்துகளும் கம்பெனி வண்டிகளும் சாலையை அடைத்துக்கொள்கின்றன. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர், இப்பக்கத்து இளைஞர் பலர் கடைசல் இயந்திரத்தையும் அரத்தையும் நம்பி வாழ்வைத் தொடங்கினர். வேலை கேட்டு வந்தவனிடம் ஃபோர்மன் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, “இந்த அளவுக்கு அராவிக் கொடு, பார்க்கலாம்” என்பார். அதற்கு ‘டிரேடு டெஸ்ட்’ என்று பெயர். இன்று அதே பேட்டையில் மென்பொருள் நிறுவனங்களும் இருக்கின்றன; பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்காவும் திறக்கப்பட்டுவிட்டது. இரும்புத் துண்டு இருந்த இடத்தில் இப்போது வெள்ளைப் பலகையும் கணிப்பொறித் திரையும் இருக்கின்றன.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில், என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். பதினோராண்டுக் காலம் மென்பொருட் பொறியாளராக உழைத்தவர். அவர் பணியாற்றிய பிரிவையே நிறுவனத்தார் மூடிவிட்டனர். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை. மகளுக்குப் பள்ளிக் கட்டணம். கையிருப்போ நான்கு மாதத்திற்கு வரும். மூத்த பொறியாளர் பதவிக்கு ஓரிடத்தில் நேர்முகத் தேர்வுக்குச் சென்று, தேறாமல் திரும்பியிருந்தார்.

“கேட்ட கணக்கையெல்லாம் போட்டுவிட்டேன், சார். ஆனாலும் வேண்டாம் என்றுவிட்டார்கள்” என்றார்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால், கேள்வி கேட்கத் தெரியும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலிற் கற்பித்த கலையே அதுதான். “என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய்? ஒன்று விடாமல் சொல், தம்பி” என்றேன். அன்று தொடங்கி மூன்று வாரம், இரவு உணவுக்குப் பின் எங்கள் வீட்டுத் திண்ணையில் நேர்முகத் தேர்வு நடந்தது. நான் தேர்வாளன், அவர் தேர்வெழுதுபவர். அத்தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே அவரிடம் கற்றதுதான்.

முதல் நாள் ஓர் எளிய பொருளை எடுத்துக்கொண்டோம். அகரவரிசையில் பத்து லட்சம் பெயர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தேட வேண்டும். நடுவில் திறந்து பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிட்டு, எஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போனால், இருபது முறைக்குள் பெயர் கிடைத்துவிடும். அகராதி புரட்டும் எவரும் செய்வதே இது. கல்லூரி மாணவனும் இந்த விடையைச் சொல்லிவிடுவான். “அப்படியானால் பதினோராண்டு அனுபவம் எதற்கு?” என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்து, ஒரு வரலாற்றைச் சொன்னார்.

ஜாவா என்னும் கணிப்பொறி மொழியின் நூலகத்திற்காக இந்தத் தேடல் முறையை எழுதியவர் ஜோஷுவா பிளாக் என்ற பொறியாளர். தாம் எழுதியதில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழை ஒளிந்திருந்ததை 2006-இல் அவரே உலகறிய எழுதினார். நடுவைக் காண்பதற்குத் தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா? அந்த மொழியில் வழக்கமாக ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் இடத்தில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் கொள்ளும். கூட்டுத்தொகை அதனைத் தாண்டினால், எண் திடீரென்று எதிர்மறையாகிவிடும், நிரல் முறிந்துவிடும். இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதைப் பாதியாக்கி, தொடக்கத்தோடு கூட்டினால் இந்த இடர் இல்லை. சிறிய பட்டியல்களில் எத்தனை சோதனை செய்தாலும் இப்பிழை வெளிப்படாது.

“இதை ஏன் அங்கே சொல்லவில்லை?” என்றேன். “அவர்கள் கேட்கவில்லையே, சார்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளியில் இருந்தபோதும் அவர் அப்படித்தான்; கேட்ட வினாவுக்கு விடை எழுதிவிட்டு, மணியடிக்குமுன்னே தாளைக் கொடுத்துவிட்டுப் போவார்.

அடுத்த வாரம் பெரிய அமைப்புகளைத் திட்டமிடும் வினாக்களுக்கு வந்தோம். நான் கேட்டது இரயில் முன்பதிவு. நம் நாட்டில் இணையவழியாக இரயிற் பயணச்சீட்டு விற்பனை 2002-இல் தொடங்கியது. தட்கால் சீட்டுக்குக் காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் நாடே கணிப்பொறி முன்னும் கைப்பேசி முன்னும் உட்காருகிறது. “ஒரே படுக்கையை இருவருக்கு விற்றுவிடாமல் எப்படிக் காப்பாய்?” என்றேன். உடனே பலகையில் கட்டங்கள் வரையத் தொடங்கினார். நான் நிறுத்தினேன். எத்தனை பேர் வருவர் என்று கேட்டாயா? ஒரு நிமிடத்திற்கா, ஒரு நாளுக்கா? வினாவை அறியாமல் விடை வரையலாமா? மறுமுறை அவர் கேட்டார். ஒரு நாளைக்கு 86,400 நொடி. நாளொன்றுக்கு ஒரு கோடி வேண்டுகோள் வருமானால், சராசரியாக நொடிக்கு நூற்றுப்பதினைந்து அளவில் அமையும். ஆனால், பத்து மணி அடிக்கும்போது சராசரிக்கு என்ன மதிப்பு? அந்த ஒரு நிமிடத்திற்காகத்தான் அமைப்பையே கட்ட வேண்டும். இவ்வாறு வாய்விட்டுக் கணக்கிட்டுக்கொண்டே போனபோது, அவர் சிந்தனை எனக்கே தெரிந்தது.

பின்னர் ஒரு சிக்கலுக்கு வந்தோம். பயணி பணம் கட்டுகிறார், பணம் பிடித்தமாகிறது, ஆனால், இணைப்பு அறுந்து, ‘பெற்றுக்கொண்டோம்’ என்னும் செய்தி வரவில்லை. அவர் மறுபடியும் பொத்தானை அழுத்துகிறார். இருமுறை பணம் போகலாமா? இதைத் தடுக்கும் முறைக்கு அவர் ஓர் ஆங்கிலக் கலைச்சொல்லைச் சொன்னார், எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்து மொழியில் சொல் என்றேன். நெடுநேரம் எண்ணிவிட்டு, “வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவன் வந்தான் என்று இரண்டு முறை குறித்தாலும் அவன் ஒருவன்தான், சார். ஆனால், கட்டண ரசீதை இரண்டு முறை போட்டால் இரண்டு கட்டணம் ஆகிவிடும். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய விடையையே திருப்பித் தர வேண்டும். கட்டணத்தைப் பதிவேடு போல ஆக்கிவிட வேண்டும்” என்றார். முப்பதாண்டு பாடம் நடத்திய நான் அதைவிட நன்றாக விளக்கியிருக்க மாட்டேன். கலைச்சொல்லை அறிந்திருப்பவர் பலர். இவ்வாறு பிறருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவரையே மூத்தவர் பதவிக்குத் தேடுகிறார்கள். அவருக்குக் கீழ் இளைஞர் நால்வர் பணிபுரிவார்கள் அல்லவா?

இவ்வளவும் சொன்ன பிறகு, அவர் தோற்ற இடம் எது என்பதைச் சொல்லவில்லையே. அதை அவர் என்னிடம் சொல்வதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. “உங்கள் முடிவு ஒன்று தவறாகப் போனதுண்டா?” என்று தேர்வாளர் வினவியிருக்கிறார். “அப்படி ஒன்றும் இல்லை” என்று விடையளித்துவிட்டாராம். மேலும், தம் பணியைப் பற்றிக் கேட்ட இடமெல்லாம் ‘நாங்கள் செய்தோம்’, ‘நாங்கள் அமைத்தோம்’ என்றாராம். பணிவு நல்லதுதான். ஆனால், அந்த ‘நாங்களில்’ இவர் எங்கே இருக்கிறார் என்று தேர்வாளருக்குத் தெரியவில்லை.

நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதலாண்டு, கால அட்டவணையில் ஓர் அறிவியல் ஆசிரியரை ஒரே பாடவேளையில் இரண்டு வகுப்புக்குப் போட்டுவிட்டேன். குற்றத்தை எழுத்தர் மேல் சாட்டினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. இதைச் சொன்ன பின்னரே என் மாணவர் வாய் திறந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அவசரமாக ஒரு மாற்றத்தை நிரலிற் புகுத்தியதால், வாடிக்கையாளர் ஒருவரின் கணக்குப் பணி இரண்டு மணி நேரம் நின்றுபோயிற்றாம். பழைய நிலைக்குத் திருப்பும் வழியை முன்கூட்டி ஆயத்தம் செய்யாதது தம் பிழை என்றார். அதன் பின்னர் எந்த மாற்றத்தையும் முதலில் நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் திறந்துவிட்டு, கவனித்துவிட்டுப் பிறகே மற்றவர்க்குத் திறக்கும் வழக்கத்தை அவரே அக்குழுவில் ஏற்படுத்தினாராம்.

“இதைவிட நல்ல விடை வேறு எது?” என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

ஆனால், தேதி என்ன, வேறு என்ன வழிகள் இருந்தன, அவற்றை ஏன் விட்டார் என்று கேட்டபோது நினைவில்லை. பதினோராண்டுப் பணியில் அவர் கையெழுத்தில் ஒரு பக்கக் குறிப்பும் இல்லை. ஆசிரியப் பயிற்சியில் எங்களை ஒவ்வொரு பாடத்திற்கும் பாடக்குறிப்பு எழுத வைப்பர். முடிந்ததும், எது விளங்கவில்லை என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். அப்போது அதனைத் தண்டனையாகவே கருதினோம். இந்த உரையைக் கேட்கும் மாணாக்கர், கல்லூரித் திட்டப்பணியே ஆனாலும், இன்று எதை முடிவு செய்தேன், எதை விட்டேன், ஏன் என்று மூன்று வரி எழுதிவைக்கலாம். வினா விடைத் தொகுப்புகளை உருப்போடுவதை நான் முற்றிலும் பழிக்கவில்லை. வாய்ப்பாடு போல அவற்றிற்கும் பயிற்சி வேண்டும். ஆனால், உங்கள் மூன்று வரி எந்தத் தொகுப்பிலும் அச்சாகியிராது.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, நினைவிலிருந்தும் பழைய தோழர்களைக் கேட்டும் அவர் எழுதி நிரப்பினார். சென்ற மாதம் போரூர்ப் பக்கத்து நிறுவனம் ஒன்றில் தேர்வு. மாலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்தே பேசினார். தெரியாத கேள்வி ஒன்று வந்ததாம். தெரியாது என்று சொல்லி, எப்படித் தெரிந்துகொள்வேன் என்பதைப் பலகையில் எழுதிக் காட்டினாராம். வெள்ளிக்கிழமைக் கதையையும் சொல்லிவிட்டாராம். “வியாழனன்று மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், சார்” என்றார்.

வியாழன் தேர்வும் முடிந்தது. இவ்வுரையை எழுதும் இந்நாள் வரை முடிவு தெரியவில்லை. நேற்று மாலை வந்து, நோட்டில் அந்த வியாழக்கிழமைக்கும் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போனார்.