அணைக்கரைக்கு வந்த விருந்தாளி

நீலகிரியில் எமரால்டு, பைக்காரா போன்ற மலை அணைகள் தென்மேற்குப் பருவமழைத் தண்ணீரோடு நிற்கிற நேரம் இது. நீர் கரையேறி நிற்பதால் சேற்றுத் திட்டுகள் குறைவு. ஆகவே பறவை தேடி நடு நீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஓரத்துக் கற்களைப் பாருங்கள்.

அங்கேதான் சாம்பல் வாலாட்டி நிற்கும். முதுகு சாம்பல், வயிறு பளிச்சென்ற மஞ்சள், உடம்புக்குப் பொருந்தாத நீள வால். அந்த வால் ஒரு நொடி சும்மா இருக்காது. இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் கூடுகட்டும் இந்தப் பறவை, குளிர் தொடங்கும் முன்பே, செப்டம்பர் வாக்கில் இங்கே வந்துவிடுகிறது. எடை இருபது கிராமுக்குள்தான்! வந்ததும் ஓடைக்கரையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, நெருங்கும் இன்னொரு வாலாட்டியை விரட்டும். விருந்தாளிக்கு அவ்வளவு உரிமை.

பக்கத்துக் கல்லில் பின்புறத்தை ஆட்டியபடி பழுப்பாக ஒன்று நின்றால், அது உள்ளான். கிளப்பினால் தண்ணீரை ஒட்டியே, சிறகை விறைப்பாகப் படபடத்துப் பறக்கும்.

விடியற்காலையில் அவசரப்பட்டு ஓட வேண்டாம். மூடுபனி விலகட்டும். அதற்கு முன் பைனாகுலரில் தெரிவதெல்லாம் வெறும் வெள்ளைதான்.